கோழி திடீரென்று நொண்டினால்: கொல்லையில் கோழி வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு கோழிகள் திரியும். பெரும்பாலும் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி, கூடவே ஒன்றிரண்டு கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான். தெருவிலோ சொந்தத்திலோ யார் வீட்டுக் கோழியாவது காலை இழுத்தால் எனக்குத்தான் போன் வரும். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், என் கையில் பிழைத்த கோழிகளும் செத்த கோழிகளும் சொல்லிக்கொடுத்ததும்தான் இதில் இருக்கிறது.

நேற்று மாலை வரை ஓடிக்கொண்டிருந்த கோழி காலையில் எழுந்திருக்கவில்லை. முதலில் என்ன செய்வது?

தனியே எடுத்து வையுங்கள். இதை மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டும். நொண்டுகிற கோழியை மற்ற கோழிகள் சும்மா விடாது. கொண்டையிலும் கண்ணிலும் கொத்தும், தீனிக்குக் கிட்டே வரவிடாது. சேவல் ஏறி மிதிக்கும். நோயே காரணமாக இருந்தால் மற்றவற்றுக்குப் பரவாமல் இருக்கவும் இது உதவும்.

ஓர் அட்டைப்பெட்டியோ பெரிய கூடையோ போதும். அடியில் கோணிச்சாக்கை மடித்துப் போடுங்கள். செய்தித்தாள் மட்டும் விரித்தால் கால் வழுக்கி இன்னும் விரியும். காற்றோட்டமான நிழலில் வைத்து, தண்ணீரையும் தீனியையும் படுத்த இடத்திலிருந்தே அலகுக்கு எட்டுகிற மாதிரி வையுங்கள். கோழியின் உடம்புச் சூடு இயல்பாகவே 41, 42 டிகிரி செல்சியஸ் இருக்கும். அதனால் கையில் எடுத்ததும் “காய்ச்சல் கொதிக்குது” என்று பயப்பட வேண்டாம்.

வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் நேராக அதற்குள் போய்விடும். சொட்டு சொட்டாக அலகின் ஓரத்தில் விடுங்கள், அது தானே சப்பிக் குடிக்கட்டும்.

கோழியை எப்படிப் பார்ப்பது? எனக்கு எதுவும் தெரியவில்லையே.

பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நல்ல வெளிச்சத்தில், உட்கார்ந்து, மடியில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் கோழியை வைத்துப் பாருங்கள். நின்றபடி தூக்கிப் பார்த்தால் பாதிதான் தெரியும்.

கால் விரல்களில் தொடங்குங்கள். ஒவ்வொரு விரலையும் விரித்து, இடுக்கில் பாருங்கள். பாதத்தின் அடியில் கறுப்பாகத் தழும்பு, வீக்கம், முள் உண்டா? எங்கள் பக்கம் சீமைக்கருவேல முள் ஏறாத கால் கிடையாது. முள் உள்ளேயே ஒடிந்து நின்று, மேலே சின்னப் புள்ளியாக மட்டும் தெரியும். அப்புறம் கணைக்கால், பின்பக்கம் மடங்கும் மூட்டு, தொடை என்று இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தடவிக்கொண்டே மேலே வாருங்கள். ஒரு பக்கம் சூடாகவோ பருத்தோ இருந்தால் கைக்கே தெரியும். பிறகு வயிறு, முட்டையிடும் வாய், இறக்கையின் அடிப்பக்கம், கடைசியாகக் கழுத்தும் கண்ணும்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் சாம்பல் பெட்டை ஒரு நாள் மதியத்திலிருந்து வலது காலைத் தரையிலேயே ஊன்றவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, “சுளுக்குதான், நல்லெண்ணெய் தடவு” என்றார். நானும் இரண்டு வேளை தடவினேன். மறுநாள் கால் ஊதிவிட்டது. ராத்திரி செல்போன் டார்ச்சை வைத்துப் பார்த்தபோதுதான், மூட்டுக்குக் கீழே தோலின் மடிப்புக்குள் பச்சையாக ஏதோ மின்னியது. மீன் வலையின் நைலான் நூல். மூன்று சுற்று சுற்றி, செதிலை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. நான் தடவிய எண்ணெய் அதை இன்னும் நன்றாக மறைத்திருந்தது. நகம் வெட்டும் சின்னக் கத்தரியின் நுனியை நுழைத்து ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுத்தேன். ஒரு வாரத்தில் ஓடத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ரத்த ஓட்டம் நின்று கால் கறுத்திருக்கும். துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் வலை நூல், மற்ற இடங்களில் பட்டக் கயிறு, தலைமுடி, சாக்கு பிரிந்த இழை. திடீரென்று ஒரே கால் மட்டும் நொண்டினால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

காலில் காயம், வீக்கம், நூல் எதுவும் இல்லை. அப்படியானால் சுளுக்குதானே?

இருக்கலாம். முருங்கை மரத்திலிருந்தோ மாமரத்திலிருந்தோ விடியற்காலை குதிக்கும் கோழிக்குச் சுளுக்கு சகஜம். நாயோ கீரியோ துரத்தியிருந்தாலும் வரும். சுளுக்கிய கோழி சுறுசுறுப்பாக இருக்கும், இரை எடுக்கும், எச்சம் ஒழுங்காக இருக்கும், காலை மட்டும் தாங்கித் தாங்கி நடக்கும். நாலைந்து நாள் பெட்டியில் ஓய்வு கொடுத்தால் படிப்படியாகச் சரியாகும்.

ஆனால் நொண்டல் காலில் தெரிகிறது என்பதால் கோளாறும் காலிலேதான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நரம்பு, வயிற்றில் சிக்கிய முட்டை, சத்துக் குறைவு, அழுகியதைத் தின்ற விஷம் எல்லாமே கடைசியில் காலில்தான் காட்டும். சுளுக்கு என்று முடிவு கட்டும் முன் நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். கோழிக்கு என்ன வயது? கடைசியாக எப்போது முட்டை இட்டது? எச்சம் என்ன நிறம்? கழுத்தடியில் இருக்கும் இரைப்பையில் தீனி இருக்கிறதா? பாதி பதில் இதிலேயே கிடைத்துவிடும்.

மூன்று நான்கு மாத விடைக்கோழி. ஒரு கால் முன்னால் நீட்டியும் ஒரு கால் பின்னால் நீட்டியும் படுத்திருக்கிறது. என்ன நோய்?

இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இந்தப் படுக்கை மாரெக்ஸ் நோயின் அடையாளம். 1907-இல் ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் முதலில் விவரித்ததால் அந்தப் பெயர். ஹெர்பீஸ் வகை வைரஸ் கால் நரம்புகளைத் தாக்குவதால் அவை பருத்துவிடுகின்றன. கால் செத்துப்போன மாதிரி ஆகிவிடும். சில கோழிகளுக்கு இறக்கை தொங்கும், கண்மணி சாம்பல் நிறமாகும், நன்றாகத் தின்றும் நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்தும்.

இதற்கு மருந்து இல்லை. கசாயம், எண்ணெய், ஊசி எதுவும் இந்த வைரஸைக் கொல்லாது. தடுப்பூசி உண்டு, ஆனால் அதைக் குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே போட வேண்டும். பெரிய பொரிப்பகங்களில் போடுவார்கள். அடைவைத்து வீட்டில் பொரித்த குஞ்சுக்கு யாரும் போடுவதில்லை. தடுப்பூசி போட்டாலும் வைரஸ் உடம்புக்குள் வராமல் தடுத்துவிடாது, வாதமும் கட்டியும் வராமல்தான் காக்கும். முட்டை வழியாகக் குஞ்சுக்குப் பரவாது. இறகுத் தூசி வழியாகப் பரவும். அந்தத் தூசியில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் கூண்டுத் தூசியைக் கூட்டி எரிப்பது, புதுக் குஞ்சுகளை முதல் சில வாரம் பெரிய கோழிகளிடமிருந்து தள்ளி வளர்ப்பது, இந்த இரண்டும்தான் நம் கையில் இருக்கிறது.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். கால் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இருந்தாலே மாரெக்ஸ் என்று நீங்களாகத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். இடுப்பில் அடிபட்ட கோழியும் சில நாள் அப்படிப் படுக்கும். ஒரு வாரமாவது தீனி, தண்ணீர் கொடுத்துப் பாருங்கள்.

எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போகிறது, கழுத்தும் திருகுகிறது. இது வெள்ளைக்கழிச்சலா?

அந்தச் சந்தேகம் வந்தால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். வெள்ளைக்கழிச்சலை ராணிகேத் நோய் என்றும் சொல்வார்கள். 1920-களில் இமயமலை ஊரான ராணிகேத்தில் கண்டறிந்ததால் இந்தியாவில் அந்தப் பெயர் நின்றுவிட்டது. கோழி தூங்கி விழும், இரை எடுக்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பிழைத்துவரும் கோழிகளில் சிலவற்றுக்குக் கால் விளங்காமல் போகும், அல்லது தலை பின்னால் திருகிக்கொள்ளும். ஒரு கோழியோடு நிற்காது, தெருவையே காலி செய்துவிட்டுப் போகும்.

வைரஸ் என்பதால் இதற்கும் நேரடி மருந்து கிடையாது. தடுப்பூசிதான் வழி. 7-ஆம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு, 28-ஆம் நாள் வாக்கில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, 8 வாரம் முடிந்ததும் இறக்கைக்கு அடியில் ஊசி. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக முகாம் போட்டு இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறது. கோழியைப் பஞ்சாரத்தில் அடைத்துவைத்துக் கூப்பிட்டால் போதும். கிராமத்துக் கோழிகளுக்கென்றே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியோடு கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தும் உருவாக்கியிருக்கிறது. ஊசி ஆரோக்கியமான கோழிக்குத்தான். நோய் வந்த கோழிக்கு, வந்த பிறகு போட்டுப் பயன் இல்லை. முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுங்கள்.

முட்டையிடும் கோழி. நேற்றிலிருந்து முட்டை இல்லை. பெங்குயின் மாதிரி நிமிர்ந்து நின்று முக்குகிறது, நடக்கத் தடுமாறுகிறது.

முட்டை சிக்கியிருக்கிறது. உள்ளே நிற்கும் முட்டை காலுக்குப் போகும் நரம்பை அழுத்துவதால் கால் தள்ளாடும். வால் மேலும் கீழும் ஆடும், எச்சம் கொஞ்சமாக வரும் அல்லது வராது. வயிற்றை அடியிலிருந்து மெல்லத் தாங்கிப் பார்த்தால் கெட்டியாக முட்டை தட்டுப்படும். அழுத்தாதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் ஓடு குத்தி, சீழ்பிடித்துக் கோழி செத்துவிடும்.

ஒரு அகலமான பேசினில், குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில் வெந்நீர் எடுத்து, முழங்கையை விட்டுப் பாருங்கள். சுடக் கூடாது. கோழியின் பின்பாதி மூழ்குகிற மாதிரி 15, 20 நிமிடம் உட்கார வையுங்கள். முதலில் படபடக்கும். ஒரு கையால் மார்பைத் தாங்கிக்கொண்டால் இரண்டு நிமிடத்தில் அடங்கி, கண்ணை மூடிவிடும். வெளியே எடுத்து ஈரத்தைத் துடைத்து, முட்டையிடும் வாயின் ஓரத்தில் விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவி, இருட்டான அமைதியான இடத்தில் வைத்துவிடுங்கள். கோழிக்கென்று விற்கும் கால்சியம் டானிக் கொஞ்சம் கொடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு முறை. பெரும்பாலும் அன்று மாலைக்குள் முட்டை வந்துவிடும். மறுநாளும் வரவில்லையென்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இதற்கு அடிப்படைக் காரணம் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தீனியில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். வாரத்துக்கு நாலைந்து முட்டை இடும் கோழி அரிசி நொய்யும் சோறும் மட்டும் தின்றால் கால் எப்படி நிற்கும்? நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு பை கிளிஞ்சல் பொறுக்கிவந்து, கழுவி, காயவைத்து, உரலில் மிளகளவுக்கு இடித்து ஒரு சிரட்டையில் வைத்தால் தேவைப்பட்ட கோழி தானே கொத்திக்கொள்ளும். தீனியோடு கலக்க வேண்டாம். முட்டையிடாத குஞ்சுக்கும் சேவலுக்கும் அளவுக்கு மீறிய கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பாதத்தின் அடியில் கறுப்புப் பொருக்கும் வீக்கமும் இருக்கிறது. கீறி எடுக்கலாமா?

வேண்டாம். அது ஆணிப்புண். சின்னக் காயம் வழியாக ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி உள்ளே போய்ச் சீழ் கட்டும். கோழியின் சீழ் நம்முடையது மாதிரி ஒழுகாது, பாலாடைக்கட்டி மாதிரி கெட்டியாகிவிடும். பிதுக்கினால் வராது, ஆழமாகத்தான் போகும்.

சின்னதாக இருந்தால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தினமும் 10 நிமிடம் பாதத்தை ஊறவைத்து, துடைத்து, போவிடோன் அயோடின் போட்டு, பஞ்சு வைத்துக் கட்டுங்கள். பொருக்கு தானாகக் கழன்றால் கழலட்டும். வீக்கம் விரலுக்கு நடுவில் மேலே வரைக்கும் தெரிந்தாலோ, மூட்டு சூடாக இருந்தாலோ மருத்துவர் கீறி எடுக்க வேண்டியிருக்கும். உட்காரும் கட்டை உயரமாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால் திரும்பத் திரும்ப வரும். முழங்கால் உயரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

மழை வெள்ளத்துக்குப் பிறகு ஒரே நாளில் மூன்று கோழிகள் கால் சோர்ந்து, கழுத்தும் துவண்டு கிடக்கின்றன.

அழுகின எதையாவது தின்றிருக்கும். 2011 டிசம்பரில் தானே புயலும் 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயலும் வந்து போனபோது நம் பக்கம் எவ்வளவு செத்த மீனும் பிராணியும் ஓரங்களில் கிடந்தன என்பது நினைவிருக்கும். அழுகும் உடலில் பாட்டுலிசம் என்ற நோயின் கிருமி விஷத்தை உண்டாக்குகிறது. அதில் நெளியும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தப் புழுவைக் கொத்தும் கோழிக்கு அந்த விஷம் போய்ச் சேரும். முதலில் கால், பிறகு இறக்கை, கடைசியில் கழுத்து என்று கீழிருந்து மேலே துவளும். கழுத்து துணி மாதிரித் தொங்கும். வெள்ளைக்கழிச்சலில் கழுத்து விறைத்துத் திருகும், இதில் தளர்ந்து விழும். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு உதவியது இந்த வித்தியாசம்தான்.

மற்ற கோழிகளை உடனே அடைத்துவிட்டு, கொல்லை முழுக்கச் சுற்றி, வேலியோரம், சாக்கடை, மீன் கழிவு கொட்டும் குழி எல்லாம் தேடுங்கள். கிடைத்ததை ஆழமாகப் புதையுங்கள். லேசாகப் பாதித்த கோழி தண்ணீர் சொட்டுவிட்டு, நிழலில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிடும். தலையைத் தரையில் போட்டுவிட்ட கோழி பெரும்பாலும் தேறாது. பூச்சிமருந்து கலந்த விதையையும் எலிமருந்தையும் தின்றாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அந்தச் சந்தேகம் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

அடையிலிருந்து எழுந்த கோழி தள்ளாடுகிறது.

21 நாள் உட்கார்ந்த கால், சரியாகத் தின்னாத வயிறு. தீனி, தண்ணீர், கொஞ்சம் முருங்கைக்கீரை கொடுத்தால் இரண்டு நாளில் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் இறகைப் பிரித்து உண்ணியும் பேனும் இருக்கிறதா என்று பாருங்கள்.

உண்ணியால் கூடவா கால் விழும்?

விழும். சுவர் வெடிப்பிலும் கூண்டுக் கட்டையின் இடுக்கிலும் பகலில் ஒளிந்திருந்து, ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும் கோழி உண்ணி உண்டு. பகலில் கோழியைப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ராத்திரி டார்ச் அடித்துக் கூண்டைப் பாருங்கள். அது ஸ்பைரோகீட் என்ற கிருமியைக் கடத்தும். கோழிக்குக் காய்ச்சல், பச்சைக் கழிச்சல், கால் சோர்வு எல்லாம் வரும். மருத்துவர் கொடுக்கும் மருந்துக்கு நன்றாகக் கேட்கும் நோய் இது. கூண்டின் வெடிப்புகளைச் சுண்ணாம்பு பூசி அடைக்காமல் கோழிக்கு மட்டும் மருந்து போட்டால் திரும்ப வந்துவிடும்.

பத்து நாள் குஞ்சு. விரல்கள் உள்பக்கம் சுருண்டு, மூட்டால் நடக்கிறது.

ரைபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின் குறைவு. நொய் மட்டும் போட்டு வளர்க்கும் குஞ்சுகளுக்கு வருகிறது. கால்நடை மருந்துக் கடையில் கோழிக்கான பி காம்ப்ளெக்ஸ் டானிக் வாங்கி, லேபிளில் உள்ள அளவில் தண்ணீரில் கலந்து கொடுங்கள். குஞ்சுத் தீவனத்துக்கு மாறுங்கள். வேக வைத்த முட்டையை உதிர்த்துப் போடலாம். முதல் இரண்டு மூன்று நாளிலேயே கவனித்தால் விரல் நிமிர்ந்துவிடும். நாள்பட்டுவிட்டால் நரம்பு திரும்பாது. பொரித்த முதல் நாளிலேயே கால் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தால் அது வேறு. இரண்டு காலையும் இயல்பான அகலத்தில் நிற்கிற மாதிரி, ஒட்டும் பேண்டேஜை எட்டுப் போட்டுக் கட்டிவிட்டால் நாலைந்து நாளில் நேராகும்.

எலும்பு முறிந்திருந்தால்?

கணைக்கால் முறிவை வீட்டில் சமாளிக்கலாம். பஞ்சு சுற்றி, ஐஸ்கிரீம் குச்சி இரண்டை இருபக்கமும் வைத்து, டேப் ஒட்டி, மூன்று வாரம் பெட்டியில் வைத்திருங்கள். விரல் குளிர்ந்தாலோ கறுத்தாலோ கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம், உடனே தளர்த்துங்கள். தொடை முறிவும், எலும்பு வெளியே தெரியும் முறிவும் மருத்துவருக்கு.

மனிதர்கள் சாப்பிடும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கலாமா?

கூடாது. முக்கியமாக டைக்ளோஃபினாக். அந்த மருந்து கொடுத்த மாட்டின் உடலைத் தின்று கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால் 2006-இல் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவதை இந்தியா தடை செய்தது. கோழியின் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். மஞ்சள், கீழாநெல்லி, சின்ன வெங்காயம், சீரகம் அரைத்து உருண்டையாகக் கொடுப்பதை நான் தடுக்கமாட்டேன். இரை எடுக்காத கோழிக்கு ஏதோ உள்ளே போகிறது. ஆனால் அதை நம்பி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தால் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாள் வரை முட்டையை வீட்டில் யாரும் சாப்பிட வேண்டாம்.

வாரக்கணக்கில் படுத்திருக்கும் கோழியை எப்படிப் பார்த்துக்கொள்வது?

நிறையப் பேர் தோற்றுப்போவது இங்கேதான். நோயால் சாகாத கோழி கவனிப்பு இல்லாமல் செத்துவிடும்.

ஒரே பக்கமாகப் படுத்தால் நெஞ்செலும்பில் தோல் தேய்ந்து புண் வரும். நாளுக்கு நாலைந்து முறை திருப்பிப் படுக்க வையுங்கள். நெஞ்சுக்கு அடியில் பழைய துண்டை வட்டமாகச் சுருட்டிச் சும்மாடு மாதிரி வைத்தால் கோழி நிமிர்ந்து உட்காரும், இரையும் சரியாக இறங்கும். எச்சம் பின்பக்கம் ஒட்டிக் காய்ந்தால் ஈ வந்து முட்டை வைத்துவிடும். நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். புழு தெரிந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கால் வலு திரும்ப, தொட்டில் கட்டிவிடலாம். பழைய லுங்கித் துணியில் இரண்டு காலுக்கும் பின்பக்கத்துக்கும் ஓட்டை வெட்டி, இரண்டு நாற்காலிக்கு நடுவில் கட்டி, பாதம் தரையைத் தொடுகிற உயரத்தில் கோழியை இறக்குங்கள். முதல் நாள் பத்து நிமிடம் போதும். எங்கள் வீட்டில் ஒரு கறுப்புப் பெட்டை இப்படித் தொங்கிக்கொண்டே முன்னால் வைத்த கம்பைக் கொத்தும். ஆறாம் நாள் விரலை ஊன்றி எம்பியது. அம்மா கையில் இருந்த கரண்டியோடு ஓடிவந்து பார்த்தார்.

தீனியைக் கொஞ்சம் ஈரமாகப் பிசைந்து கொடுங்கள். மழைக்காலத்தில் கடலைப் புண்ணாக்கையும் சோளத்தையும் முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். அந்தப் பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுத்து, இருக்கிற பலத்தையும் எடுத்துவிடும்.

எங்கே கொண்டு போவது?

கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்குப் பக்கத்து அரசு கால்நடை மருந்தகம், காலை நேரத்தில். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி பற்றிக் கேட்கலாம். புதுச்சேரி, வில்லியனூர், அரியாங்குப்பம், பாகூர் பக்கம் இருப்பவர்களுக்குக் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே மருத்துவக் கல்லூரியே இருப்பதால், சிக்கலான நோய்க்கு எல்லை தாண்டியும் போகலாம்.

போகும்போது எச்சத்தின் படமும், கோழி நடக்க முயலும் ஒரு சின்ன வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் மேசைமேல் வைத்ததும் பயத்தில் கோழி விறைத்துவிடும், வீட்டில் தெரிந்தது அங்கே தெரியாது. வழியிலேயே இறந்துவிட்டாலும் திரும்பி வராதீர்கள். பிரேதப் பரிசோதனையில் காரணம் தெரிந்தால் மற்ற கோழிகள் பிழைக்கும். உடனே போக முடியாவிட்டால் பையில் கட்டி ஐஸ் வைத்த பெட்டியில் வையுங்கள், ஃப்ரீசரில் உறைய வைக்க வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்றுமா?

மாரெக்ஸ் மனிதருக்கு வராது. வெள்ளைக்கழிச்சல் கோழியைத் தொட்ட கையைக் கண்ணில் வைத்தால் சில நாள் கண் சிவந்து உறுத்தும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆனால் அடையாளமே இல்லாமல் பல கோழிகள் ஒரே நேரத்தில் செத்தாலோ, கொண்டை நீலமாகி முகம் வீங்கினாலோ பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். வெறுங்கையால் தொடாமல், குழந்தைகளைக் கிட்டே விடாமல், கால்நடைத் துறைக்கு உடனே தெரிவியுங்கள்.

செத்த கோழியைக் கெடிலம் ஆற்றிலோ வாய்க்காலிலோ வீசுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. கிணற்றுக்குத் தள்ளி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழி எடுத்து, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

நடக்காத கோழியை அறுத்துக் குழம்பு வைத்துவிடலாமா?

கால் மட்டும் முறிந்த, மற்றபடி தெளிவான, மருந்து எதுவும் கொடுக்காத கோழி என்றால் அது உங்கள் விருப்பம். காரணம் தெரியாமல் சோர்ந்து கிடக்கும் கோழியை அறுக்காதீர்கள். விஷம் தின்ற கோழி, ஆன்டிபயாடிக் போட்ட கோழி, கழிச்சல் கோழி எதுவும் சட்டியில் ஏறக் கூடாது. சந்தையில் விற்றுவிடுவது அதைவிட மோசம். அங்கிருந்துதான் பத்து வீட்டுக்கு நோய் போகிறது.

இனித் தேறாது என்று எப்போது முடிவு செய்வது?

நான் பார்ப்பது ஒன்றைத்தான். இரையைக் காட்டினால் கண் திரும்புகிறதா? திரும்பும் வரை நான் விடுவதில்லை. கால் விளங்காமலேயே ஒரு வருடம் வெயிலில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த கோழி எங்களிடம் இருந்தது. ஆனால் இரைப்பை காலியாகவே இருந்து, மூச்சு வாங்கி, இரண்டு நாளாக எதற்கும் அசையவில்லை என்றால் அதை வேதனையில் வைத்திருக்க வேண்டாம். வலியில்லாமல் முடித்துவிடும்படி மருத்துவரிடம் கேட்பதில் பாவம் ஒன்றும் இல்லை.

குணமாகிவிட்டது. எப்போது மற்ற கோழிகளோடு விடலாம்?

தடுமாறாமல் ஓடி, இறக்கை அடித்து ஒரு திண்ணையில் ஏற முடிந்தால் விடலாம். நேராக நடுவில் கொண்டுபோய் விடாதீர்கள். முதல் மூன்று நாள் பஞ்சாரத்தில் மூடி, மற்றவை மேயும் இடத்திலேயே வையுங்கள், ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும். பிறகு சாயங்காலம் அடையும் நேரத்தில், இருட்டத் தொடங்கியதும் கட்டையில் நடுவே உட்கார வைத்துவிடுங்கள். விடிந்து எழும்போது அதுவும் கூட்டத்தோடு இறங்கி வந்துவிடும்.